வெயில் ஊரில் போர்வை தைக்கிறவர்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் தெரு முக்கூடல் பக்கம். பாதி வீட்டில் பீடி சுற்றுவார்கள். நான் ஜாக்கெட் தைத்துப் பிழைக்கிறவள். 2022-இல் நாலு பேராக ஆரம்பித்து, பழைய நூல்சேலைகளில் போர்வை தைத்து இல்லாதவர்களுக்குக் கொடுத்து வருகிறோம். இப்போது பதினான்கு பேர். பார்க்கிறவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் வாயால் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் எழுதி வைக்கிறேன்.

திருநெல்வேலியில் எதற்குப் போர்வை? வெயிலிலேயே வெந்துகொண்டிருக்கிறோமே?

இதைக் கேட்காத ஆள் இல்லை. எங்கள் மதினியே கேட்டாள். "சித்திரையில கட்டில்ல தண்ணி தெளிச்சுப் படுக்கிற ஊர்ல போர்வை தைக்கியளாக்கும்?" என்றாள்.

கேள்வி நியாயமானதுதான். இந்தப் பக்கம் போர்வை மேலே போர்த்துவதற்கு அல்ல, கீழே விரிப்பதற்கு. இதைப் புரிந்துகொள்ளவே எங்களுக்கு ஒரு வருடம் ஆனது. பெரிய ஆஸ்பத்திரி எதிலும் கட்டில் நோயாளிக்கு, தரை துணைக்கு வந்தவருக்கு. அம்பாசமுத்திரத்திலிருந்தோ சங்கரன்கோவிலிலிருந்தோ ராத்திரியோடு ராத்திரியாக ஆளைத் தூக்கிக்கொண்டு ஓடிவருகிறவர்கள் பாயா கொண்டு வருவார்கள்? செய்தித்தாளை விரித்துப் படுக்கிறார்கள். சேலை முந்தியைத் தலைக்குச் சுருட்டி வைத்துக்கொள்கிறார்கள். சிமெண்டுத் தரையோ டைல்ஸ் தரையோ, விடியற்காலையில் இடுப்பைப் பிடித்துவிடும். பத்து நாள் அப்படிப் படுத்தால் துணைக்கு வந்தவரும் நோயாளிதான்.

நாங்கள் முதலில் தைத்தது பதினொரு போர்வை. உள்ளே மெல்லிய ஸ்பாஞ்ச் வைத்து, மேலே பளபளவென்ற துணி போட்டு, பார்க்கப் பிரமாதமாக இருந்தது. ஓர் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடித்துக் கொண்டுபோனோம். அங்கே இருந்த நர்ஸ் அம்மா ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இதை எங்கம்மா துவைக்க? எங்கம்மா காயப்போட?" என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை. பதினொன்றையும் அதே ஆட்டோவில் திருப்பிக் கொண்டுவந்தோம். வரும்போது ஒருத்தரும் பேசவில்லை.

ஆனால் அந்த அம்மா நின்று நாலு வார்த்தை சொன்னார். மெல்லிசாக இருக்கணும். கையால் கசக்கிப் பிழிய முடியணும். ஜன்னல் கம்பியில் போட்டால் ஒரு மத்தியானத்தில் காயணும். மடித்தால் வயர் கூடைக்குள் போகணும். இன்றைக்கும் நாங்கள் தைப்பது அந்த நாலு வார்த்தைக்குத்தான்.

சரி, மேலே போர்த்தவே வேண்டாமா என்றால் வேண்டும்தான். ஆனி, ஆடியில் மேல்காற்று அடிக்கும்போது திண்ணையில் படுக்கிற வயசானவர்களுக்கும், மார்கழிப் பனியில் பஸ் ஸ்டாண்டில் படுக்கிறவர்களுக்கும் ஒரு நுனியை இழுத்து மூடிக்கொள்ள முடிந்தால் போதும்.

அளவு என்ன?

இதற்குக் கணக்கு சேலையிலேயே இருக்கிறது. சாதாரண நூல்சேலை ஐந்தரை மீட்டர் நீளம். அதை மூன்றாக மடித்தால் ஒரு மடிப்பு 1.83 மீட்டர், அதாவது சரியாக ஆறு அடி. அகலம் சுமார் 45 அங்குலம். ஓர் ஆள் கால் நீட்டிப் படுக்கிற இடம் அவ்வளவுதான். வெட்டவே வேண்டாம். ஒரு சேலை, மூன்று மடிப்பு, ஒரு போர்வை.

இதைத் தற்செயலாகத்தான் கண்டுபிடித்தோம். எண்பது வயதைத் தாண்டிய ஓர் ஆச்சி, நாங்கள் இஞ்சுப்பட்டையை வைத்துக்கொண்டு முழித்ததைப் பார்த்துவிட்டு, "சேலைய மூணா மடிச்சா ஒரு ஆளுல" என்றார். இத்தனை வருடம் சேலைக்கு ஓரம் அடித்துக் கொடுத்துவிட்டு எனக்கு அது தோன்றவில்லை.

அப்படியானால் துண்டு துண்டாக ஒட்டுப் போட்டுத் தைப்பது எதற்கு?

எல்லாச் சேலையும் முழுசாகக் கிடைக்காது. கொசுவம் வைக்கிற இடமும் உட்காருகிற இடமும்தான் முதலில் நைந்துபோகும். நல்ல பாகத்தை வெட்டி எடுத்தால் துண்டுகள்தான் மிஞ்சும். என் கடையிலும் ஜாக்கெட் வெட்டிய மிச்சம் மூட்டையாகக் கிடந்தது. அப்போது மேல் மடிப்பு மட்டும் ஒட்டுத்துணி, கீழே இரண்டு மடிப்பு சேலை.

ஒவ்வொரு துண்டும் ஆறரை அங்குலச் சதுரம். நாலு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குள் போய்விட, தைத்தபின் ஆறு அங்குலம் நிற்கும். அகலத்துக்கு ஏழு, நீளத்துக்குப் பன்னிரண்டு, ஆக 84 துண்டு. போர்வை 42-க்கு 72 அங்குலம். முதலில் ஏழேழாகச் சேர்த்துப் பன்னிரண்டு பட்டை தைத்துவிட்டு, அப்புறம் பட்டைகளை ஒன்றோடொன்று சேர்க்கவேண்டும். ஒவ்வொரு துண்டாகப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டே போனால் பாதியில் கோணும்.

துண்டு வெட்டுவதில் எங்கள் தெருவை யாராலும் அடித்துக்கொள்ள முடியாது. பீடி இலையைத் தகரத்து அளவில் வைத்து நாள் முழுக்க வெட்டுகிற கை. ஒரு பழைய எண்ணெய் டின்னைப் பிரித்து ஆறரை அங்குலத்துக்குத் தகடு வெட்டிக் கொடுத்தேன், அவ்வளவுதான். நான் சாக்பீஸால் கோடு போட்டு வெட்டுவதற்குள் அவர்கள் ஒரு போர்வைக்கான துண்டை முடித்துவிட்டுக் கதை பேசிக்கொண்டிருப்பார்கள்.

எந்தத் துணி கொடுக்கலாம்?

நூல் துணி மட்டும். நைலக்ஸ், பாலியஸ்டர், ஷிபான் எதுவும் வேண்டாம். வியர்வையை இழுக்காது, தரையில் வழுக்கும். சந்தேகமாக இருந்தால் ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவித் தீக்குச்சியில் காட்டுங்கள். பருத்தி, தாள் எரிகிற வாசனையோடு எரிந்து சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு, ஆறினதும் கெட்டியான மணி மாதிரி நிற்கும். இரண்டும் கலந்த துணியும் ஓரத்தில் கெட்டிப்படும்.

பட்டுச்சேலை கொடுக்க வருகிறார்கள், பெரிய மனசுதான். ஆனால் ஜரிகை முதுகைக் கீறும்.

அடுத்தது சாயம். வெள்ளைத் துணியை நனைத்துச் சேலைமேல் அழுத்தித் தேயுங்கள். வெள்ளையில் ஏறினால் அந்தச் சேலையைத் தனியாக இரண்டு மூன்று தண்ணீர் அலசவேண்டும். அப்புறமும் விடாவிட்டால் ஒதுக்கிவிடுகிறோம். ஒரு சிவப்புச் சேலையை நம்பி வைத்துத் தைத்ததில் முதியோர் இல்லத்துத் தாத்தா ஒருவருடைய வேட்டி முழுக்க ரோஸ் நிறம் ஆகிவிட்டது. அவர் கோபப்படவில்லை. எங்களுக்குத்தான் அந்தப் பக்கம் போகவே ஒரு மாதம் கூச்சமாக இருந்தது.

துவைத்துக் காயவைத்துக் கொடுங்கள். கஞ்சி போட்ட சேலையென்றால் கஞ்சி போகும்வரை அலசணும். கஞ்சி இருந்தால் ஊசி இறங்காது, பூச்சியும் வரும்.

இறந்துபோனவர்களின் சேலையை வாங்குவீர்களா?

இதை எல்லோரும் தாழ்ந்த குரலில்தான் கேட்பார்கள். பதினாறு கும்பிட்டு முடிந்தபின் அம்மாவின் சேலைகளை என்ன செய்வதென்று தெரியாமல் பீரோவிலேயே வைத்திருப்பார்கள். உடுத்தவும் மனசு வராது, தூக்கிப்போடவும் வராது. சிலர் வீட்டில் வண்ணானுக்குக் கொடுப்பது வழக்கம், சிலர் ஆற்றில் விடுவார்கள். ஆற்றில் விடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். தாமிரபரணி படித்துறைகளில் முள்ளிலும் கல்லிலும் சிக்கிக் கிடக்கிற துணியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

வாங்குவோம். ஆனால் மறைக்கமாட்டோம். எங்களுக்குள்ளேயே மூன்று பேர் அந்தத் துணியைத் தொட மாட்டார்கள். அவர்களைக் கட்டாயப்படுத்துவதில்லை. மற்றவர்கள் தைக்கிறோம். வாங்குகிறவருக்கும் ஆட்சேபம் இருக்கலாம் என்பதால் அந்தப் போர்வைகளைத் தனியாகக் கட்டிவைத்து, கேட்டுவிட்டுத்தான் கொடுக்கிறோம். "எல்லாம் தாயார் சேலைதானம்மா" என்று வாங்கிக்கொண்டவர்கள் உண்டு, வேண்டாம் என்றவர்களும் உண்டு.

சில வீட்டார் கொடுத்துவிட்டு, "ஒண்ணு மட்டும் எங்களுக்கே தைச்சுத் தாங்க" என்பார்கள். அதையும் செய்கிறோம். அமெரிக்காவில் எய்ட்ஸ் நோயால் இறந்தவர்களுக்காக ஆளுக்கொரு துணித்துண்டு தைத்து, 1987 அக்டோபரில் வாஷிங்டனில் விரித்து வைத்தார்கள். அன்றைக்கு 1,920 துண்டுகள். ஒவ்வொன்றும் மூன்றடிக்கு ஆறடி. நம் ஆச்சி சொன்ன ஆளளவுக்கு அது அகலத்தில் கொஞ்சம்தான் குறைச்சல்.

கையால் தைப்பதா, மிஷினிலா?

துண்டுகளை ஒட்டுவது மிஷினில். மூன்று மடிப்பையும் சேர்த்துப் பிடிப்பது கையால்.

மிஷினில் 16-ஆம் நம்பர் ஊசி போடுங்கள். ஜாக்கெட் தைக்கிற ஊசி ஒட்டுகள் சேர்ந்து தடித்த இடத்தில் ஒடியும். சேர்த்துப் பிடிக்குமுன் பாயின்மேல் மடிப்புகளை விரித்து, சுருக்கம் இல்லாமல் கையால் தள்ளிவிட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்குப் பெரிய பெரிய தையலாகத் தற்காலிகமாக ஓட்டிக்கொள்ளணும். இதை விட்டுவிட்டால் கடைசியில் ஒரு மூலையில் துணி வீங்கி நிற்கும். அவசரக்காரர்கள் எல்லோரும் ஒரு போர்வையைப் பிரித்துத் தைத்தபின்தான் இதைக் கற்றுக்கொள்கிறார்கள், நானும்தான்.

அப்புறம் இரண்டு அங்குலத்துக்கு ஒரு வரி, நீளவாட்டில் சாதாரண ஓட்டுத் தையல். 42 அங்குல அகலத்துக்கு 21 வரி வரும். ஒரு வரி ஆறடி என்றால் மொத்தம் 126 அடி, ஏறக்குறைய 38 மீட்டர். பேசிக்கொண்டே தைத்தால் ஒருத்திக்கு ஏழெட்டு நாள் சாயங்காலம். நாலு பேர் நாலு பக்கம் உட்கார்ந்தால் இரண்டு நாள். நாலு பக்கம் உட்காரும்போது முழங்கால் இடிக்கும், அது வேறு விஷயம்.

நாற்பது தாண்டியவர்களுக்கு ஊசி கோப்பது பெரும்பாடு. பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகள் ஆளுக்குப் பத்து ஊசி கோத்துக் குத்துப்பஞ்சில் குத்தி வைத்துவிட்டு விளையாடப் போவார்கள். கூலி, ஒரு கை காராச்சேவு.

அல்வா மட்டும் தைக்கிற இடத்துக்குக் கொண்டு வராதீர்கள். நெய்க்கை பட்ட துணி என்ன சோப்பு போட்டாலும் காட்டிக்கொடுக்கும்.

கைக்குழந்தைக்கு ஒன்று தைத்துத் தருவீர்களா?

கீழே விரிக்கத் தருவோம், மேலே மூடத் தரமாட்டோம். ஒரு வயது ஆகும்வரை குழந்தை தூங்குகிற இடத்தில் தளர்வான போர்வையோ தலையணையோ கூடாது, முகத்தில் மூடி மூச்சு முட்டும் என்றுதான் குழந்தை டாக்டர்கள் சொல்கிறார்கள். ஆகவே ஒரு மீட்டர் சதுரம், இரண்டே மடிப்பு. பட்டன், குஞ்சம், மணி எதுவும் கிடையாது. பின்பக்கம் நூல் நீட்டிக்கொண்டிருந்தால் குழந்தையின் விரலில் சுற்றிக்கொண்டு ரத்தம் போகாமல் கட்டிவிடும். அதனால் குழந்தைப் போர்வையை மட்டும் இரண்டு பேர் தடவிப் பார்த்துவிட்டுத்தான் கட்டுவோம்.

பிறந்த பிள்ளையைப் பழந்துணியில்தான் போடணும் என்பது நம் ஊர் வழக்கம். புதுத்துணி அப்புறம்தான். பத்து வருடம் துவைத்த நூல்சேலையின் மென்மை எந்தக் கடைத் துணிக்கும் வராது.

இந்தப் பக்கத்தில் இது புது வேலையா?

போர்வை புதுசாக இருக்கலாம். பெண்கள் ஊசியோடு கூடி உட்காருவது புதுசு இல்லை. ராதாபுரம் பக்கம் இடையன்குடியில் கால்டுவெல்லின் மனைவி எலைசா 1840-களில் பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அவருடைய அம்மா அதற்கு முன்னாலேயே நாகர்கோவிலில் அந்த வேலையைத் தொடங்கியிருந்தார். கால்டுவெல்லைப் பற்றிப் பேசுகிறவர்கள் இலக்கணத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள், தையல்காரியான எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம் உண்டு.

பழைய சேலை அடுக்கித் தைப்பதென்றால் வங்காளத்துக் காந்தா இருக்கிறது. கர்நாடகத்தில் சித்தி இனப் பெண்கள் தைக்கிற கவாண்டி இருக்கிறது. அதை ஓரத்தில் ஆரம்பித்துச் சுற்றிச் சுற்றி நடுவில் கொண்டுவந்து முடிப்பார்கள். நாலு மூலையிலும் பூ என்று சொல்லிச் சின்னதாக ஒரு மடிப்புத் துணி வைப்பார்கள். நாங்களும் ஒன்றில் வைத்துப் பார்த்தோம், அழகாக இருந்தது.

யார் வீட்டில் உட்கார்ந்து தைக்கிறீர்கள்?

யார் வீட்டிலும் இல்லை. இதற்குக் காரணம் இருக்கிறது.

ஆரம்பத்தில் என் வீட்டுத் திண்ணையில்தான் உட்கார்ந்தோம். எங்கள் தெருக்காரர்கள் மட்டுமே வந்தார்கள். அடுத்த தெருவில் நல்லாத் தைக்கிற இரண்டு பேரைக் கூப்பிட்டேன். "வாறோம்க்கா" என்றார்கள், வரவில்லை. மறுபடி கூப்பிட்டேன், வரவில்லை. மூன்றாம் தடவை ஒருத்தி சொல்லிவிட்டாள்: "உங்க திண்ணையில நாங்க உட்காந்தா, ஒங்க மாமியார் திண்ணையக் கழுவிவிடுவாங்கக்கா." என்னால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. எந்தத் தெருவில் யார் இருக்கிறார்கள், யார் வீட்டில் யார் தண்ணீர் குடிப்பார்கள் என்பது நம் ஜில்லாவில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

அதற்கப்புறம் ஊருக்குப் பொதுவான ஒரு கட்டடத்தில், கேட்டு வாங்கி, செவ்வாய், வெள்ளி சாயங்காலம் உட்காருகிறோம். டீ கடையிலிருந்து எல்லோருக்கும் ஒரே தூக்குவாளியில் வரும். போர்வை விரித்தால் நாலு பக்கமும் ஆள் வேண்டும், யார் பக்கத்தில் யார் என்று பார்க்க முடியாது. மாமியார் இன்னும் மாறவில்லை. அந்த இரண்டு பேரும் இப்போது எங்களில் நன்றாகத் தைக்கிறவர்கள்.

இன்னொன்று. முதலில் மகளிர் குழுக் கூட்டம் நடக்கிற நாளிலேயே தையலையும் வைத்தோம், எப்படியும் எல்லோரும் வருவார்களே என்று. தவணை கட்ட முடியாதவர்கள் அன்றைக்குத் தலைகாட்டவே இல்லை. நாளை மாற்றினதும் வந்தார்கள்.

வெள்ளம் மாதிரி நேரத்தில் போர்வை உதவுமா?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஏரல், ஸ்ரீவைகுண்டம் பக்கமெல்லாம் தண்ணீர். திருநெல்வேலி ஜங்ஷனே மிதந்தது. எங்களிடம் அப்போது இருபத்தைந்து போர்வைகள் தயாராக இருந்தன. உடனே அனுப்பிவிடலாம் என்று எல்லோரும் துடித்தோம்.

அனுப்பியிருந்தால் தப்பு. முதல் நாலைந்து நாள் அவர்களுக்குத் தேவைப்பட்டது குடிதண்ணீர், சாப்பாடு, உள்ளாடை, நாப்கின், மெழுகுவர்த்தி. நனைந்த போர்வையைக் காயவைக்க மொட்டைமாடியைத் தவிர இடம் ஏது? பழைய துணி மூட்டை மூட்டையாக வந்து, பிரிக்க ஆள் இல்லாமல் ரோட்டோரம் கிடந்து நாறியதை நாங்களே பார்த்தோம். வீட்டைக் கழுவித் தரை காய்ந்தபின் கொண்டுபோனோம். பாய், மெத்தை எல்லாம் சேறாகி வெளியே கிடந்த நேரம் அது. அன்றைக்கு இருபத்தைந்தும் அரைமணி நேரத்தில் தீர்ந்தது.

நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்க் கொடுக்கலாமா?

முதலில் பொறுப்பில் இருப்பவரைப் பார்த்துக் கேளுங்கள். எந்த வார்டில் வாங்கலாம், எதில் கூடாது என்று அவர்களுக்கு விதி இருக்கும். தீக்காய வார்டு, ஆபரேஷன் ஆனவர்கள் பக்கம் வெளித்துணி போகவே கூடாது. வெந்நீரில் துவைத்து, நல்ல வெயிலில் காயவைத்து, ஒவ்வொன்றாகப் பையில் கட்டிக் கொண்டுபோகணும்.

போட்டோ எடுக்கமாட்டோம். தரையில் உறக்கமில்லாமல் உட்கார்ந்திருக்கிறவர் கையில் போர்வையைக் கொடுத்து, சிரிங்க என்று சொல்ல யாருக்கு மனசு வரும்? போர்வையில் எங்கள் பெயரும் கிடையாது.

ஆண்கள் சேரலாமா?

இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவர் டைலர். இன்னொருவர் ஆட்டோ ஓட்டுகிறவர், பதினொரு போர்வையைத் திருப்பிக் கொண்டுவந்தது அவர்தான்.

பணம்? பதிவு? விற்பனை?

பதிவு செய்யவில்லை. பணமாக வாங்குவதில்லை, நூல்கண்டாக, ஊசியாக வாங்குவோம். விற்பதும் இல்லை. ஒருமுறை ஒரு கடைக்காரர் நல்ல விலை சொன்னார், அதைப் பற்றி இரண்டு வாரம் சண்டை போட்டோம். பீடிக்கூலியில் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு அந்தக் காசு வேண்டாம் என்று சொல்ல நான் யார்? கடைசியில், விற்பதற்குத் தைக்க விரும்புகிறவர்கள் சொந்தத் துணியில், சொந்த வீட்டில் தைத்து விற்கட்டும், தானமாக வந்த சேலை தானமாகவே போகட்டும் என்று முடிவானது. மூன்று பேர் அப்படித் தைத்து விற்கிறார்கள்.

கொடுத்த போர்வை என்ன ஆனது என்று பார்ப்பீர்களா?

தேடிப்போய்ப் பார்ப்பதில்லை. கண்ணில் படும். போன கோடையில் சேரன்மகாதேவி பக்கம் ஒரு துக்கத்துக்குப் போயிருந்தோம். வழியில் ஒரு மாடியில் எங்கள் போர்வை. அதே 84 துண்டு, நடுவில் என் மகளின் பழைய பாவாடைத் துண்டுகூட அடையாளம் தெரிந்தது. அதில் கூழ்வற்றல் பிழிந்து காயப்போட்டிருந்தார்கள்.

எங்களில் ஒருத்திக்கு முகம் சுருங்கிவிட்டது. இதற்கா கண்ணைக் கெடுத்துக்கொண்டு தைத்தோம் என்றாள். ஆச்சி கையை நெற்றியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம், "அந்தத் தெக்கு ஓரத்துல தையல் விட்டிருக்கு பாரு. வத்தல் காஞ்சதும் வாங்கிட்டு வாங்கட்டி, போட்டுக் குடுப்போம்" என்றார்.